ஒரு வருடப் படிப்பும் ஒரு நைட்டியும்

எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு கட்டியிருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புமாக ஒரு பெண் சிரிக்கிறாள். நம் பக்கத்து முகமே இல்லை. கீழே, 'பத்தாம் வகுப்பு பாஸ் அல்லது ஃபெயில். ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம். வேலை நிச்சயம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்கள் அதன் முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைக் கிழித்துப் போட்டால் என்ன என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. முழங்கால் விடவில்லை.

ஓசூரில் ஒரு நர்சிங் ஹோமில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். தெருவில் எனக்கு 'சிஸ்டரக்கா' என்று பெயர். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், யாராவது ஓர் அம்மா மகளை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். "சிஸ்டரக்கா, ஒரு வருசப் படிப்பு போதுமா, இல்ல மூணு வருசம் படிக்க வெக்கணுமா?" என்று கேட்பாள். மூணு வருசம் என்பேன். உடனே அடுத்த கேள்வி வரும்: "நீங்க எத்தன வருசம் படிச்சீங்க?" அந்த இடத்தில் எனக்கு அடுப்பில் ஏதோ கருகுகிற ஞாபகம் வந்துவிடும், எழுந்து உள்ளே போய்விடுவேன். உள்ளே போகாமல் பதில் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம். அப்பாவுக்கு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. பள்ளியில் என் பக்கத்து இடம் ஃபிலோமினாவுக்கு. அவள் அப்பா மாதா கோயிலில் உபதேசியார். ப்ளஸ் டூ முடித்ததும் இருவரும் சேர்ந்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டோம். இருவருக்கும் இடம் கிடைத்தது. மூன்று வருடத்துக்கு மேல் படிக்க வேண்டும், பாடமெல்லாம் இங்கிலீஷில். நேர்காணலில் மேட்ரன் அம்மா கேட்ட எல்லாக் கேள்விக்கும் நான் 'எஸ் மேடம்' என்றுதான் சொன்னேன். 'எஸ்' சொல்லக் கூடாத கேள்விக்கும் அதையே சொன்னதாக ஃபிலோ வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குள் நன்றாகவே குத்தியது.

அதே வாரத்தில் ஓசூரிலிருந்து என் அத்தை சேதி அனுப்பினாள். புதிதாக ஒரு டாக்டரம்மா நர்சிங் ஹோம் திறந்திருக்கிறார், ஒரு வருடம் அங்கேயே இருந்து கற்றுக்கொண்டால் அவரே சர்ட்டிஃபிகேட் கொடுத்து அங்கேயே வேலையும் கொடுப்பார் என்று. அப்பா, "உனக்கு எது தோணுதோ அதப் பண்ணு கண்ணு" என்று விட்டுவிட்டார். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. வீட்டுக் கஷ்டம், தங்கை கல்யாணம் என்று காரணம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. இங்கிலீஷுக்குப் பயந்தேன், வெள்ளை யூனிஃபார்முக்கு அவசரப்பட்டேன். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் ஃபிலோவிடம் பெருமையாகச் சொன்னேன். "மூணு வருசம் நீ புஸ்தகத்தக் கட்டிகினு அழு. அடுத்த வருசம் நான் ஊசி போடுவேன்."

"ஊசி யாரு வேணா போடலாம்டி. எதுக்குப் போடறோம்னு தெரிய வேணாமா?"

"அதுக்குத்தான் டாக்டர் இருக்காங்களே."

அவள் என் கையில் ஒரு மிட்டாயைத் திணித்துவிட்டு பஸ் ஏறினாள்.

டாக்டரம்மாவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தெலுங்குக் குடும்பம், பேச்சு குறைவு. காலையில் வார்டுக்குள் நுழைந்ததும், "ராஜி, கை" என்பார். இரண்டு கையையும் நீட்ட வேண்டும். நகம், விரலிடுக்கு, மணிக்கட்டு வரை திருப்பித் திருப்பிப் பார்ப்பார். திட்டவே மாட்டார். நாம் ஒரு காயத்துக்குக் கட்டுத் தப்பாகப் போட்டிருந்தால் அதை அவிழ்த்து, நம் கண்ணெதிரே, ஒரு வார்த்தை பேசாமல் தானே மறுபடி போடுவார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும். "புஸ்தகம் எதுக்கு? கையில படிப்பு இருந்தா போதும்" என்பது அவர் வழக்கம். என் காதுக்கு அது தேனாக இருந்தது.

வலி, நோவு, நொப்பி என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்று பாஷையிலும் விசாரிக்க முதல் மாதத்திலேயே பழகிவிட்டேன். ஆறாவது மாதம் நரம்பு பார்த்து டிரிப்ஸ் ஏற்றினேன். வருடம் முடியும்போது பிரசவமே பார்த்தேன். அப்போது ஒருமுறை விடுமுறையில் ஃபிலோவைப் பார்த்தேன். அவள் இன்னும் கட்டம் போட்ட கவுனில் படுக்கை விரித்துக்கொண்டும் பெட்பேன் கழுவிக்கொண்டும் இருப்பதாகச் சொன்னாள். "இன்னும் பெட்பேன்தானாடி?" என்று நான் சிரித்தேன். அவள் போன தடவை சிரித்ததற்குச் சரிக்குச் சரி ஆகிவிட்டது என்று ஒரு நிம்மதி.

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததில் ஒரு காரியத்தை மட்டும் விவரமாக எழுத வேண்டும், பின்னால் அதுதான் வருகிறது. குழந்தை பிறந்த பிறகு நஞ்சுக்கொடி வெளியே வரும். அதை அப்படியே கொட்டிவிடக் கூடாது. தண்ணீரில் அலசி, ரத்தக்கட்டியை நீக்கி, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். கையைக் குழித்தால் அதன் பாகங்கள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். எங்காவது ஒரு பள்ளம் தெரிந்தால் அந்தத் துண்டு உள்ளே தங்கிவிட்டது என்று அர்த்தம். தங்கினால் கருப்பை சுருங்காது, ரத்தம் நிற்காது. "பிள்ளையப் பாத்து சிரிக்கறது அப்புறம். மொதல்ல இது" என்பார் டாக்டரம்மா. நான் ஒரு பிரசவத்திலும் அதை விட்டதில்லை, ஒரே ஒரு பிரசவத்தைத் தவிர.

நர்சிங் ஹோம் வளர்ந்தது. சுற்றிலும் கம்பெனிகள் வந்தன, கூட்டம் வந்தது, அதோடு சுகாதாரத் துறையிலிருந்து சோதனைக்கு ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். முறையாகப் படித்துப் பதிவு எண் வாங்கிய நர்ஸ்தான் வார்டில் இருக்கலாம் என்பது சட்டம். எங்களில் அப்படி ஒரே ஒருத்திதான் இருந்தாள். மற்ற ஐந்து பேரும் டாக்டரம்மாவிடம் கற்றுக்கொண்டவர்கள். அதற்கு அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. சோதனை என்று முன்கூட்டியே காதுக்கு எட்டிவிடும். உடனே நாங்கள் ஐந்து பேரும் யூனிஃபார்மைக் கழற்றி பீரோவில் பூட்டிவிட்டு, நைட்டி மாட்டிக்கொண்டு, காலிக் கட்டில்களில் நோயாளிகளாகப் படுத்துக்கொள்ள வேண்டும்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதலில் எங்களுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. யாருக்கு என்ன வியாதி என்று முதல் நாளே பங்கு பிரிப்போம். எனக்கு எப்போதும் டைஃபாய்டு. வயிற்றுவலிக்காரி முனகத் தெரியாமல் சிரித்துவிடுவாள், போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். எனக்கென்று நீலப்பூ போட்ட ஒரு நைட்டி பீரோவிலேயே இருந்தது. சோதனைக்காரர்கள் போனதும் எழுந்து காபி குடித்துவிட்டு டியூட்டி பார்ப்போம். கல்யாணமாகி, இவருக்கு முதன்முதலில் இதைச் சொன்னபோது இவர் சிரிக்கவில்லை. "அப்ப நீ அங்க யாரு?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பதில் தெரியாததால்தான் அந்தக் கோபம் என்று இப்போது தெரிகிறது.

அன்றைக்கு சேதி முன்கூட்டி வரவில்லை. லேபர் ரூமில் நான் மஞ்சுளாவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்மென்ட்ஸ் கம்பெனிப் பெண், தலைப் பிரசவம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். டாக்டரம்மாவும் பக்கத்தில் இருந்தார். பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் வந்து டிரேயில் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குத் திரும்பினேன். ரிசப்ஷன் பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"மேடம், தெருமுனையில ஜீப்பு நிக்குது. அவங்கதான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "ராஜி, போ. நான் பாத்துக்கறேன்."

டிரேயைக் குழாயடியில் வைத்துவிட்டு ஓடினேன். நான் போன பிறகு டாக்டரம்மாவும் கையைக் கழுவிக்கொண்டு முன்பக்கம் அவர்களை வரவேற்கப் போயிருக்கிறார். ராஜி பார்த்திருப்பாள் என்று அவர் நினைத்தார், டாக்டரம்மா பார்த்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன். ஆயா வந்து நஞ்சுக்கொடியைக் கொட்டிவிட்டு டிரேயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். நீலப்பூ நைட்டியில் நான் கட்டிலில் படுத்திருந்தேன். சற்று நேரத்தில் மஞ்சுளாவையும் குழந்தையையும் என் பக்கத்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் அசதியில் கண் மூடியிருந்தாள்.

அவர்கள் ஆபீஸ் ரூமில் வெகுநேரம் இருந்தார்கள். பிறகு வார்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சத்தம் என் கட்டிலருகே நின்றது.

"ராஜியா? ஏய், நீ ராஜிதான?"

ஃபிலோ. அவள் கல்யாணத்தில் பார்த்தது, அப்புறம் பார்க்கவே இல்லை. வேறு மாவட்டத்தில் நர்சிங் பள்ளி டீச்சராக இருந்தவள் கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகி வந்திருக்கிறாள், சோதனைக் குழுவில் அவளையும் போட்டிருக்கிறார்கள். நல்ல காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் அந்தக் கண்ணாடிக்குள் கண் கலங்கிவிட்டது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"டைஃபாய்டு" என்றேன்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நெற்றியில் புறங்கையை வைத்தாள். காய்ச்சல் இல்லாத நெற்றி. ஆனாலும் சந்தேகப்படவில்லை. "காய்ச்சல் விட்டுடுச்சு போல. நல்லா தண்ணி குடி. நாளைக்கு நான் கஞ்சி வெச்சிகினு வரேன்" என்றாள். அவள் கை என் தலையைக் கோதிக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டில் அப்படியே என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

அப்போது மஞ்சுளா கண் திறந்தாள். "சிஸ்டர்" என்றாள்.

"சொல்லும்மா" என்று ஃபிலோ திரும்பினாள்.

"நீங்க இல்ல. அவங்க." நைட்டியில் படுத்திருந்த என்னைக் காட்டினாள். "சிஸ்டர், கீழ ஈரமாவே இருக்குது. கண்ணு இருட்டிகினு வருது."

ஃபிலோவின் கை என் தலையிலிருந்து நின்றது. நான் எழுந்துவிட்டேன். போர்வையை விலக்கினால் படுக்கை முழுக்க ரத்தம். அடிவயிற்றில் கை வைத்தேன். தேங்காய் மாதிரிக் கெட்டியாக இருக்க வேண்டிய கருப்பை பிசைந்த மாவாகத் தளர்ந்து கிடந்தது. தேய்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன். ஃபிலோ கைப்பையைக் கீழே போட்டுவிட்டு மஞ்சுளாவின் காலை உயர்த்தினாள், டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள். அவளே மஞ்சுளா கையில் டிரிப்ஸ் ஏற்றினாள், அதில் கருப்பை சுருங்க ஆக்சிடோசின் போட்டாள், சிறுநீரை டியூப் வைத்து வெளியேற்றினாள். நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு சொல் பேசாமல், யார் எதைச் செய்ய வேண்டும் என்று கேட்காமல், இருவர் கையும் போய்க்கொண்டிருந்தது. ஒன்றாகப் படித்திருந்தால் இப்படித்தான் ஒன்றாக வேலை செய்திருப்போம் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

பிறகு அவள் கேட்டாள். "நஞ்சு முழுசா வந்துதா? யாரு பாத்தது?"

நான் தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"ராஜி, யாரு பாத்தது?"

"பாக்கல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், நைட்டியைப் பார்த்தாள்.

டாக்டரம்மா ஓடி வந்து கை விட்டு உள்ளே இருந்த துண்டை எடுத்தார். எடுத்தும் ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழி முழுக்க ஃபிலோவும் நானும் மாறி மாறி மஞ்சுளாவின் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தோம். உயிர் பிழைத்தாள். கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. இருபத்திரண்டு வயது கூட ஆகாத பெண்.

ஃபிலோ தான் கண்டதை அப்படியே மேலே எழுதிவிட்டாள். நர்சிங் ஹோமுக்கு நோட்டீஸ் வந்தது. பதிவு எண் உள்ள நர்சுகளை வெளியிலிருந்து எடுத்தார்கள். மற்ற நால்வரும் போய்விட்டார்கள். என்னை மட்டும் டாக்டரம்மா கூப்பிட்டு, "நீ எங்கயும் போவாத ராஜி. புடவைய மட்டும் மாத்திக்கோ" என்றார். நீல யூனிஃபார்ம் புடவை. ஆயாக்களுக்கு உள்ளது. அதைக் கொடுக்கும்போது, வழக்கமாகக் கையைப் பார்க்கிற அவர், என் கையைப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிலோ என் வீட்டுக்கு வந்தாள். கஞ்சி இல்லை, ஆப்பிள் வாங்கி வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"ராஜி, ஏ.என்.எம்.னு கிராம நர்ஸ் படிப்பு, அதுக்கு உனக்கு இன்னும் வயசு இருக்குது, அடுத்த வருசம் போனா இல்ல. ரெண்டு வருசந்தான். தமிழ்லயே நோட்ஸ் தரேன், நான் சொல்லித் தரேன். உன் கையி எனக்குத் தெரியும்டி. ஒரு நம்பர் மட்டும் வாங்கிடு, அப்புறம் யாருக்கும் நீ ஒளிய வேணாம்."

"என் சோத்துல மண்ணப் போட்டுட்டு இப்ப பாடம் சொல்லித் தர வந்தியா?" என்றேன். "காட்டிக் குடுத்தவ வீட்டுப் படிப்பு எனக்கு வேணாம்."

"நான் எழுதாம இருந்திருந்தா அடுத்த மஞ்சுளாவுக்கு யாருடி பதில் சொல்றது?"

கதவைச் சாத்திவிட்டேன். ஆப்பிள் பை வெளியே இருந்தது, சாயங்காலம் இவர்தான் எடுத்து வந்தார். என் வாழ்க்கையில் இரண்டு தடவை அந்தப் படிப்பு வாசல் வரை வந்தது. முதல் தடவை வயது பதினெட்டு, அவசரக்குடுக்கை, போகட்டும். இரண்டாவது தடவைக்கு எனக்குச் சமாதானமே இல்லை. அவள் சொன்னது சரி என்று கதவைச் சாத்தும்போதே தெரியும். தெரிந்தேதான் சாத்தினேன்.

மிச்ச வருடங்களை நீலப் புடவையிலேயே கழித்தேன். புது நர்சுகள் தங்கமான பிள்ளைகள், ஒருத்தியும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. லேபர் ரூம் வாசல் வரை நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவேன். கதவு மூடிக்கொள்ளும். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டதும் என் இரண்டு உள்ளங்கையும் தானாகக் குழிந்துகொள்ளும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன்.

மஞ்சுளா மட்டும் வருடா வருடம் மகள் பிறந்த நாளுக்கு ஸ்வீட்டோடு வருவாள். "நீங்க இல்லேன்னா நான் இல்ல சிஸ்டர்" என்பாள். நான் ஸ்வீட்டை வாங்கி வைத்துக்கொண்டு பேச்சை மாற்றுவேன். போன வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ரம்யா, செல்போன் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்து அலுத்துப் போனவள். எதிரே இருந்த போர்டை மஞ்சுளா கை காட்டினாள்.

"இவளுக்கு நர்ஸ் ஆவணுமாம் சிஸ்டர். இந்த ஒரு வருசத்துல சேத்துடலாம்னு இருக்கறேன். நீங்களும் அப்படிப் படிச்சவங்கதான? உங்கள மாதிரி வந்தா போதும்."

அடுப்பில் எதுவும் கருகவில்லை. நான் எழுந்து போகவில்லை.

"என்ன மாதிரி வேணாம் மஞ்சுளா."

"ஏன் அப்படிச் சொல்றீங்க? நஞ்சு உள்ள தங்கினது என் தலையெழுத்து. காப்பாத்தினது நீங்கதான?"

"தலையெழுத்து இல்ல. அதப் பாக்க வேண்டியவ நான். டிரேய கையில எடுத்துட்டேன். அப்ப சோதனைக்கு ஆள் வந்தாங்கன்னு அத வெச்சிட்டு நைட்டி மாத்த ஓடினேன். முறையாப் படிச்சிருந்தா நான் எதுக்கு ஓடணும்? அங்கயே நின்னு பாத்திருப்பேன். உனக்கு இன்னும் ரெண்டு பிள்ளை பொறந்திருக்கும்."

மஞ்சுளா நான் கொடுத்த காபியைத் தொடவில்லை. அதில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். ரம்யா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் மஞ்சுளா, "மூணு வருசப் படிப்பு எங்க நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். சிஸ்டர் என்று சொல்லவில்லை.

அது எனக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். எங்கள் பள்ளி வாட்ஸப் குரூப்பில் அவள் நம்பர் இருக்கிறது, அவள் அனுப்பும் காலை வணக்கங்களைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்துவிடுவேன். அவர்கள் இருவரும் உட்கார்ந்திருக்கும்போதே போன் போட்டேன்.

"ஃபிலோ, நான் ராஜி பேசறேன்."

வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு குரல் வந்தது.

"எப்படிடி இருக்க? டைஃபாய்டு நல்லாயிடுச்சா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கேட்டேன். "ஒரு பொண்ண மூணு வருசப் படிப்புல சேக்கணும் ஃபிலோ. நல்ல எடமா சொல்லு."

"சொல்றேன். அழாத. யாரு பொண்ணு, உன் சொந்தமா?"

"இல்ல" என்றேன். "அன்னிக்குப் பொறந்தவ."